வான்கோழி வால் ஒப்பந்தம்

சவாயி
9 அக்டோபர் 2011

தம்பி தோலோ,

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் ஐந்து நிமிஷத்தில் என்னைச் சிரிக்கவைத்துவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

நேற்று சாயங்காலம் டாரோக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். வானொலியில் செய்தி. உலக வர்த்தக அமைப்பில் நம் நாடு சேரப்போகிறதாம். அதற்காக ஒத்துக்கொண்ட விஷயங்களில் வான்கோழி வால் தடையை எடுப்பதும் ஒன்றாம். பேச்சுவார்த்தைக் குழுவின் பெயர்களைப் படித்தார்கள். இசிதோலோ என்று உன் பெயரும் வந்தது. உன் அத்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு வானொலியை அணைத்தார். அதற்குள், அப்பா கடையை இப்போது நடத்துகிற நம் பங்காளி மாலோ ரோட்டில் போகிறபோதே கத்திவிட்டான்: "அக்கா, கேட்டீங்களா? நம்ம வால் திரும்பி வருதாம்! யாரு கொண்டாராங்க தெரியுமா? உங்க தம்பிதான்!"

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

இந்தத் தீவில் இந்தப் பக்கத்துக்கு முதலில் ஃப்ரீசர் கொண்டுவந்தவர் அப்பா. அமெரிக்காக்காரன் தான் தின்னாமல் வெட்டிப்போடும் வாலை, அந்தக் கொழுப்புக் கட்டியை, பெட்டி பெட்டியாக இறக்கி நம் கடையில் விற்றார். விற்று மீந்ததை நாம் தின்றோம். அதில் வந்த காசில் நீ நியூசிலாந்தில் படித்தாய். சர்க்கரை வந்து அப்பாவின் காலை முட்டிக்கு மேலே எடுத்தார்கள். புண்ணுக்கு மருந்து வைத்தவள் நான். 2005இல் அவரைக் குழியில் இறக்கும்போது ஊரில் அதே நோயில் கிடந்தவர்கள் எத்தனையோ பேர்.

2007இல் நீ கப்பலேறி வந்தாய். "அக்கா, தலைநகரத்துல, ஆப்பியாவுல கூட்டம் போடுறாங்க. தடை வேணுமா வேண்டாமான்னு. டாக்டருங்க பேசினா யாரும் கேக்க மாட்டாங்க. நீ பேசு" என்றாய். இறந்த அப்பாவை நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? "ஒரு தடவை பேசிட்டா போதும். அப்புறம் அந்தத் தடையை யாரும் தொடாம நான் பாத்துக்கறேன்" என்றாய்.

நான் போனேன். கோட்டுப் போட்டவர்கள் முன்னால் நின்று, "எங்க அப்பாதான் முதல்ல கொண்டாந்தார். எங்க ஊர்ல அவர்தான் முதல்ல போனார்" என்றேன். தடை வந்தது. அன்றிலிருந்து சித்தப்பா என் வீட்டில் கை நனைத்ததில்லை. சௌமானு என்கிற நம் குடும்பப் பட்டத்தைச் சுமக்கிறவர் அவர். "அண்ணன் பேரைச் சந்தையில வித்துட்டா" என்று கோவில் வாசலில் வைத்துச் சொன்னார். மாதர் குழுவில் தலைமையிலிருந்து என்னை எடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலை மட்டும் மிஞ்சியது. ஒன்றுக்கும் நான் வருத்தப்படவில்லை, தடை இருந்ததால்.

வானொலி சொன்னது நிஜமா? பொய்யென்று ஒரு வரி எழுது. போதும்.

அக்கா,
லுபேசினா


ஜெனீவா
1 நவம்பர் 2011

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் வெகுநேரம் நடந்தேன். இங்கே குளிர் இப்போதே எலும்பைத் தொடுகிறது.

வானொலி பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியைத்தான் சொன்னது.

தடை போகும். அதன் இடத்தில் பெரிய வரி வரும். வரி போட்ட வாலை யார் வாங்குவார்கள்? சில காலம் கழித்து வரி குறையும், மறைக்கவில்லை. அதற்குள் மக்களுக்குச் சொல்லிப் புரியவைக்கலாம். நீயே நினைத்துப் பார். வாலைத் தடுத்தோம், ஆட்டு விலாக் கொழுப்பு நியூசிலாந்திலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. டின் மாட்டிறைச்சி வருகிறது. ஒரு நாட்டுக் கொழுப்புக்குக் கதவைச் சாத்திவிட்டு இன்னொரு நாட்டுக் கொழுப்புக்குத் திறந்துவைத்தால் கேள்வி கேட்க மாட்டார்களா? கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

தாத்தா கதையை நீதான் எனக்குச் சொன்னாய். வெள்ளைக்காரன் கடையில் எதையும் வாங்காதே, கொப்பரையை அவனுக்கு விற்காதே என்று ஊரே கட்டுப்பாடாக இருந்த காலத்தில் தாத்தாவின் கொப்பரை கொட்டகையிலேயே மக்கிப் போனதையும், வீடே ஈரப்பலாவைத் தின்று கிடந்ததையும். வீரம்தான், யார் இல்லையென்றது? ஆனால் சாத்திய கதவால் நமக்கு வந்தது பசி. நாம் இருப்பது ரெண்டு லட்சத்துக்கும் குறைவான பேர். உலகத்தோடு வியாபாரம் செய்ய ஒரு நாற்காலி வேண்டும். நாற்காலிக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், நீ பெருமைப்படலாம். அந்தத் தடைக்கு மதிப்பு வந்ததே உன்னால்தான். மற்ற நாட்டுக்காரர்கள் எடுத்துவருகிற தடையெல்லாம் வெறும் காகிதம். நம்முடையதற்குப் பின்னால் ஒரு மகள் எழுந்து நின்று பேசிய பேச்சு இருந்தது. எதிர்ப்பக்கத்துக்காரர்களால் அதை விட்டுக்கொடுக்கும்படி லேசாகக் கேட்க முடியவில்லை. கேட்டதற்கு நல்ல விலை கொடுத்தார்கள். நீ பேசியது வீண்போகவில்லை அக்கா.

அத்தானைக் கேட்டதாகச் சொல். மாலோ கத்துவதைக் காதில் வாங்காதே.

உன் தம்பி,
தோலோ


சவாயி
4 ஜனவரி 2012

தோலோ,

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழகாக எழுதியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். உன் அத்தானுக்குப் படித்துக்காட்டினேன். அவர் வலை பின்னிக்கொண்டே கேட்டார், "மதிப்பு வந்துச்சுன்னு எழுதியிருக்கானே, விக்கிற பொருளுக்குத்தானே மதிப்பு?"

அப்புறம் உன் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

எப்போதிலிருந்து தெரியும் உனக்கு? போன வருஷமா? முந்தின வருஷமா? இல்லை, கப்பலேறி வந்து என் முன்னால் பாயில் உட்கார்ந்து "நீ பேசு அக்கா" என்று சொன்னாயே, அன்றைக்கேவா? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. ஆட்டு விலா பற்றி எழுதாதே. ஏரிக்கரை பற்றி எழுதாதே.

தேதிக் கோட்டை நகர்த்தியதில் நாட்டில் ஒரு வெள்ளிக்கிழமையே இல்லாமல் போனது உனக்குத் தெரிந்திருக்கும். வியாழக்கிழமை படுத்தோம், எழுந்தால் சனிக்கிழமை. ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் வியாபாரம் செய்ய வசதியாம். அந்த வெள்ளிக்கிழமையில் பிறந்தநாள் இருந்த என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு என்னிடம் வந்து அழுதன. சமாதானம் சொல்லும்போதே எனக்கு உன் நினைப்பு. வியாபாரத்துக்காக ஒரு நாளையே கொடுத்துவிட்டவர்களுக்கு ஒரு அக்காவைக் கொடுப்பதா பெரிய காரியம்?

தாத்தாவை இழுத்தாய். தாத்தா பசி கிடந்தார், சரி. தானும் சேர்ந்து கிடந்தார். தன் அக்காவை முன்னால் அனுப்பிவிட்டு அவர் பின்னால் நின்று விலை பேசவில்லை.

இங்கே நடப்பதைக் கேள். முந்தாநாள் கடைப்பக்கம் போனேன். மாலோ நம் அப்பாவின் பழைய ஃப்ரீசரை வெளியே இழுத்துப்போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். துருவைச் சுரண்டி வெள்ளைப் பெயின்ட் அடிக்கிறான்.

"எதுக்குடா இது?" என்றேன்.

"உங்க தம்பி அனுப்பப்போறதை எங்க வைக்கிறது? மடியிலயா?"

"மாலோ, உன் பொண்டாட்டிக்குக் கால் விரல்ல புண்ணு ஆறலைன்னு அழுதியே, மறந்துபோச்சா?"

அவன் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டான். "மறக்கல. ஆனா நான் விக்கலைன்னா பக்கத்து ஊர்க்காரன் விப்பான், இவ அங்க போய் வாங்கித் தின்பா. கடையாவது மிஞ்சட்டும். உங்களுக்கு என்மேல கோவம்னா நேரா என்னைத் திட்டிட்டுப் போங்க. நான் தடையை எடுக்கச் சொல்லி எவன்கிட்டயும் போகல."

அவன் சொன்னது உண்மைதானே.

ஊர்ச்சபை நினைத்தால் ஊர் எல்லைக்குள் வாலை நிறுத்தலாம். சாராயத்தை நிறுத்தவில்லையா? சபையில் நம் குடும்பத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, பட்டத்தைச் சுமக்கிறவர் உட்காருகிற இடம். சித்தப்பாவிடம் போய்க் கேட்டேன். கண் தெரியாமல் படுத்திருக்கிறார் இப்போது. என் குரலைக் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதில் எழுது.

லுபேசினா


ஜெனீவா
12 பிப்ரவரி 2012

அக்கா,

ஆமாம். அன்றைக்கே தெரியும்.

நீ கேட்டாய், எழுதிவிட்டேன். இனி நான் சொல்வதையும் கேள்.

தெரியும் என்றால், நிச்சயமாகத் தெரியும் என்றில்லை. இந்த மாதிரித் தடை நாற்காலி கேட்கும் நாளில் நிற்காது என்று எனக்கு மேலே இருந்தவர்கள் சொல்ல வேண்டியதில்லை, எனக்கே தெரியும். படித்தது அதைத்தானே. நிற்கிறவரை நிற்கட்டும், நிற்காதபோது சும்மா போகாமல் ஏதாவது வாங்கிக்கொண்டு போகட்டும் என்று நினைத்தேன். நாலு வருஷம் அந்த வால் ஊருக்குள் வரவில்லை. நாலு வருஷம் கொஞ்சமா?

என்ன வாங்கினேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சொல்கிறேன். ஊர்க்கடைகளை வெளிநாட்டுக்காரர்கள் நடத்த விடுங்கள் என்று கேட்டார்கள். விடவில்லை. அப்பா மாதிரி ஒருவன் ரோட்டோரத்தில் கடை வைத்தால் அவனை ஒரு பெரிய கம்பெனி வந்து விழுங்க முடியாது. அந்த ஒரு வாசகத்தை ஒப்பந்தத்தில் எழுதவைக்க நான் எத்தனை அறையில் எத்தனை பேர் முன்னால் வாதாடி நின்றேன் தெரியுமா? ஒரு சின்ன நாட்டின் ஆள் பேச எழுந்தால் எதிரே இருப்பவன் கடிகாரத்தைப் பார்ப்பான். நம் கையில் என்ன இருக்கிறது அக்கா? எண்ணெய்க் கிணறா, படையா? கொடுக்க ஒரு வால்தான் இருந்தது. கடையா வாலா என்று வந்தபோது வாலைக் கொடுத்தேன்.

நீ அப்பாவின் புண்ணுக்கு மருந்து வைத்ததைச் சொல்கிறாய். ஒவ்வொரு தடவையும் சொல்கிறாய். பன்னிரண்டு வயதில் என்னை விமானத்தில் ஏற்றி ஆக்லாந்தில் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தையின் பிள்ளைகள் தின்று முடித்த தட்டில்தான் எனக்குச் சோறு. நான் திரும்பி வரும்போது அப்பாவுக்கு ஒரு கால் இல்லை. உனக்கு அப்பா கிடைத்தார். எனக்கு அப்பா அனுப்பிய காசு கிடைத்தது. அந்த ஃப்ரீசர் என்னையும்தான் விற்றது.

அதனால் விற்பது பற்றி எனக்கு நீ பாடம் எடுக்காதே.

தோலோ


சவாயி
10 மார்ச் 2012

தோலோ,

சித்தப்பா போய்விட்டார். செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்தோம். மாலோ உனக்குப் போன் செய்தானாம், கூட்டத்தில் இருப்பதாக யாரோ சொன்னார்களாம். குடும்பத்தில் ஒருவர் போனால் எழுதித் தெரிவிப்பது முறை என்பதால் எழுதுகிறேன்.

கடைசி வாரம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் கண்ணு போனது அதுலதான் புள்ள. உன்மேல தப்பில்ல" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நாலரை வருஷம் காத்திருந்தேன். வந்தபோது அழக்கூடத் தோன்றவில்லை.

உன் கடிதம் வந்தது. ஆக்லாந்தில் நீ பட்டது எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? அந்த வருஷங்களில் அம்மா உன் பெயரைச் சொல்லி அழாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நீ பட்டது நிஜம். ஆனால் உன்னை அனுப்பிய கை என்னுடையது இல்லை. என்னை அனுப்பிய கை உன்னுடையது.

லுபேசினா


ஜெனீவா
28 மார்ச் 2012

அன்பு அக்காவுக்கு,

சித்தப்பாவின் ஆத்மா சாந்தியடையட்டும். வர முடியவில்லை. நாடு அமைப்பில் சேருவதற்கான கடைசி வேலைகள் தலைக்கு மேல் இருந்தன.

போன கடிதத்தில் கோபத்தில் எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

சௌமானு பட்டம் காலியாக இருக்கிறது. யாருக்கு என்று குடும்பம் கூடிப் பேசுமே. மாலோ தனக்கென்று கேட்கிறானாம். பெரிய அத்தை போனில் சொன்னார், என் பெயரும் அடிபடுகிறதாம். ஆனால் நம் வழக்கம் உனக்குத் தெரியும். அக்கா தங்கைகளின் வார்த்தை இல்லாமல் எந்தப் பட்டமும் நிற்காது. நீ வாய் திறந்தால் முடிந்தது.

மாலோவிடம் பட்டம் போனால் ஊர்ச்சபையில் உட்காருவது அவன் ஃப்ரீசர்தான். அதை யோசி. எனக்கு வந்தால், வார்த்தை தருகிறேன், பட்டம் கட்டிய கையோடு சபையில் நான் பேசும் முதல் பேச்சு உன் பேச்சாக இருக்கும். ஊர் எல்லைக்குள் வால் கூடாது என்று நானே எழுந்து கேட்பேன். நாட்டுக்குப் போட்ட கையெழுத்து ஊர்ச்சபையைக் கட்டுப்படுத்தாது. எனக்குச் சட்டம் தெரியும்.

தம்பிக்கு அக்கா கண்மணி என்று நம்மூரில் சொல்வது சும்மா இல்லை. உன்னிடம் பட்ட கடனை அடைக்க ஒரு வழி கொடு.

உன் தம்பி,
தோலோ


சவாயி
22 ஏப்ரல் 2012

தோலோ,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இருக்கவும் முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை.

உன் அத்தான் வேண்டாம் என்கிறார். "சூடு பட்டவ மறுபடியும் அதே அடுப்புலயா கை வைக்கிறது?" என்கிறார். போதகரிடம் போனேன். மன்னிப்பது உன் கடமை என்றார். நம்புவதும் கடமையா என்று கேட்டேன். அதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

நீ ஒப்பந்தங்களோடு புழங்குகிறவன். ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து வேண்டும், சாட்சி வேண்டும். உடன்பிறந்தவர்களுக்கு நடுவே இருக்கிற உடன்படிக்கைக்கு அது எதுவும் வேண்டாம் என்றுதான் அம்மா நமக்குச் சொல்லிவைத்தாள். அம்மா சொன்னது பொய்யாகிவிட வேண்டாம் என்பதற்காக இன்னொரு தடவை உன்னை நம்புகிறேன். உனக்காக இல்லை.

மே மாசம் கூட்டம். வா. தனியாக உன்னோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை. கூட்டத்தில் பேசுவேன்.

லுபேசினா


ஜெனீவா
17 ஜூன் 2012

அன்பு அக்காவுக்கு,

ஊரிலிருந்து திரும்பியதும் எழுத நினைத்தேன். தள்ளிப்போய்விட்டது.

கூட்டத்தில் நீ எழுந்து, "எங்க அப்பாவோட ஆண்பிள்ளை இவன் ஒருத்தன்தான். இவனுக்கே குடுங்க" என்று சொன்னதை இங்கே வந்தும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். மாலோகூட எதிர்த்துப் பேசவில்லை. பட்டம் கட்டிய அன்று நீ எனக்குப் போர்த்திய சடங்குப் பாய் அம்மா நெய்தது என்று பெரிய அத்தை சொன்னார். அதை நான் மறக்கமாட்டேன்.

சபையில் நடந்ததைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. கப்பல் துறைக்கும் வரவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

பேசத்தான் போனேன். தூணில் சாய்ந்து உட்கார்ந்து, வார்த்தையைக்கூட அடுக்கிவைத்திருந்தேன். என் முறை வந்தபோது நினைத்துப் பார்த்தேன். நாடு அமைப்பில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்காகப் பேசிய ஆளே தன் சொந்த ஊரில் போய்த் தடை போட்டான் என்று பத்திரிகையில் வந்தால் என்ன ஆகும்? எனக்கு மட்டுமா கெட்டபேர்? அடுத்த பேச்சுவார்த்தையில் நம் வார்த்தையை யார் நம்புவார்கள்? இங்கே எனக்கு ஒரு பெரிய பொறுப்பு வரும்போல இருக்கிறது. வந்தால் நம் தீவுகள் எல்லாவற்றுக்கும் நான் பேசலாம்.

ஆகவே இப்போதைக்கு நன்றி மட்டும் சொல்லி உட்கார்ந்தேன். மாட்டேன் என்று நான் சொல்லவில்லை, கவனி. நேரம் வரவில்லை என்கிறேன். ஒரு வருஷம் போகட்டும். சூடு ஆறட்டும். நானே எழுந்து பேசுகிறேன்.

உனக்குப் புரியும் என்று நம்புகிறேன். நீ என்னைப் புரிந்துகொள்ளாவிட்டால் வேறு யார்?

கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு வருகிறேன். டாரோ இலையில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சுடுவாயே, அந்தப் பாலுசாமியை உன் கையால் சாப்பிட வேண்டும்.

உன் தம்பி,
சௌமானு இசிதோலோ


சவாயி
2 செப்டம்பர் 2012

மதிப்புக்குரிய சௌமானு இசிதோலோ அவர்களுக்கு,

தங்கள் ஜூன் மாதக் கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. இங்கே சில காரியங்கள் நடந்தன. பட்டத்தை உடையவர் என்ற முறையில் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டியவை.

தாங்கள் சபையில் நன்றி மட்டும் சொல்லி உட்கார்ந்த அன்று நான் வெளியே வேலியோரம் நின்றிருந்தேன். மாதர் குழுவிலிருந்து பெண்கள் என்னோடு வந்திருந்தார்கள். என்னைத் தலைமையிலிருந்து எடுத்தவர்களும் அதில் இருந்தார்கள். "என் தம்பி பேசப்போறான்" என்று நான்தான் எல்லோரையும் கூட்டிவந்தேன். தாங்கள் உட்கார்ந்ததும் அவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொருவராக நகர்ந்துபோனார்கள். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஜூலையில் முதல் சரக்கு இறங்கியது. மாலோ கடையில் கூட்டம் தாங்கவில்லை. வரி அதிகம்தான். வாங்கினார்கள்.

அடுத்த வாரம் குடும்பம் கூடியது. கூட்டியவன் மாலோ. எனக்குத் தெரியாது. போய் உட்கார்ந்தேன். எல்லோரும் வந்ததும் அவன் எழுந்து, "பட்டத்தை ரெண்டாப் பிரிச்சு ஒண்ணை லுபேசினா அக்காவுக்குக் குடுங்க" என்றான்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று இருந்தது. பெரிய அத்தை, "ஏண்டா, உன் ஃப்ரீசரை மூடவெச்சவளாச்சே இவ? இன்னும் மூடணும்னு நிக்கிறா. இவளுக்கா கேக்கறே?" என்றார்.

"மூடவெச்சாங்கதான். இல்லேங்கல. என் மூஞ்சிக்கு நேரா நின்னு மூடவெச்சாங்க. நாளைக்குச் சபையில உக்காந்தாலும் என்னை எதிர்த்துத்தான் பேசுவாங்க, எனக்குத் தெரியும். பேசட்டும். இவங்க வாயில இன்னைக்கு வர்றதுதான் நாளைக்கும் வரும். அங்க ஒருத்தன் இருக்கானே, அவன் வாயில என்ன வரும்னு அவனுக்கே தெரியாது."

நான் தங்களுக்காக ஏதாவது சொல்வேன் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பழக்கத்தில் வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் மாதம் எனக்குப் பட்டம் கட்டினார்கள். நம் ஊர்ச்சபையில் இதற்குமுன் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. தாங்கள் சாய்ந்த அதே தூணில் போய் உட்கார்ந்தேன். கிழவர் ஒருவர் என்னைப் பார்க்காதவர்போல, "சௌமானு வரலியா?" என்றார். "வந்திருக்கேன்" என்றேன்.

பேசினேன். ஆப்பியாவில் பேசியதையே பேசவில்லை. அப்பாவை மறுபடி வெளியே எடுக்க எனக்கு மனம் இல்லை. நம் ஊரில் இன்றைக்குக் கால் இல்லாதவர்கள் பெயரைச் சொன்னேன், அவர்களிடம் கேட்டுக்கொண்டு. எதிர்த்தவர்கள் தாங்கள் எனக்கு எழுதிய வார்த்தையையே பேசினார்கள். "ஆட்டு விலா வரலாம், வால் மட்டும் கூடாதா?" என்றார் ஒருவர். "கூடாதுதான். ரெண்டையும் நிறுத்துங்க" என்றேன். அந்தப் பதில் தங்களுக்கு ஜெனீவாவில் தோன்றியிருக்காது.

முழுதாக ஜெயிக்கவில்லை. கடையில் விற்கலாம் என்று விட்டுவிட்டார்கள். சாவு வீட்டிலும் கல்யாணத்திலும் கோவில் விருந்திலும் வைக்கக்கூடாது என்று முடிவானது. வைத்தால் ஊருக்குப் பன்றி அபராதம். சபை கலைந்ததும் மாலோ வாசலில் நின்றான். "பாதிதான் கிடைச்சுது போல?" என்றான். "மீதிக்கும் வருவேன்" என்றேன். "வாங்க, எங்க போயிடப்போறேன்" என்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போனான்.

தாங்கள் செய்தது எல்லாமே தவறு என்று நான் சொல்லவில்லை. கடைகளைக் காப்பாற்றினேன் என்று எழுதியிருந்தீர்கள். இருக்கலாம். மாலோவின் கடை இருப்பதற்குத் தாங்கள் காரணமாக இருக்கலாம். வருகிற பிள்ளைகள் அதற்காகத் தங்களை வாழ்த்தவும் செய்யலாம். நாட்டு விஷயத்தில் எது சரி எது தப்பு என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. அதில் எனக்குத் தங்கள்மேல் கோபமும் இல்லை. ஆப்பியாவில் என்னைப் பேசச் சொல்லும்போதே, "அக்கா, இது நிக்காது, இருந்தாலும் பேசு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் பேசியிருப்பேன். அது தங்களுக்குத் தெரியாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் தங்களைப் புரிந்துகொள்ளாவிட்டால் வேறு யார் என்று கேட்டிருந்தீர்கள். புரிந்துகொண்டேன். அதனால்தான் இப்படி எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். துறைக்கு மாலோ வண்டி கொண்டுவருவான். பிள்ளைகளுக்குக் கொசுவலை கட்டிவைக்கிறேன். என் வீட்டில் முன் அறையில், விருந்தாளிகளுக்கு விரிக்கிற பாயைத் தங்களுக்கு விரித்துவைத்திருப்பேன்.

மரியாதையுடன்,
சௌமானு லுபேசினா